தபஸ்ஸும் படித்த பதினாறு பக்கம்

மயிலாப்பூரில் ஒரு மாலை நேரக் கல்லூரி. பெயர் வேண்டாம், சொன்னால் அதையும் விளம்பரமாக எடுத்துக்கொள்வார்கள். அங்கே எம்.ஏ. தமிழ் இலக்கியம் படித்த கடைசி அணி நாங்கள். எங்களோடு அந்தப் படிப்பை இழுத்து மூடிவிட்டார்கள். சேர ஆளில்லை என்று காரணம் சொன்னார்கள். இரண்டு வருஷம் உள்ளே உட்கார்ந்து பார்த்த எனக்கு, அதுவரை ஆள் சேர்ந்ததுதான் ஆச்சரியம்.

நான் சேர்ந்தது சம்பள உயர்வுக்காக. கே.கே. நகரில் ஒரு கூட்டுறவுச் சங்க அலுவலகத்தில் எனக்கு வேலை. முதுகலைப் பட்டம் இருந்தால் ஒரு படி ஏற்றுவார்கள். எதில் பட்டம் என்று கேட்க மாட்டார்கள். மற்றவர்களும் என் ரகம்தான். தனபாலன் என்று ஒருவர், கட்சிக்காரர், சுவரொட்டியில் பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்து வேண்டும் என்று வந்திருந்தார். ஒரு பெண் கல்யாணம் ஆகும்வரை வீட்டில் சும்மா இருக்கக்கூடாது என்று வந்திருந்தாள். தமிழைப் படிக்க வேண்டும் என்று வந்தவள் அந்த வகுப்பில் ஒரே ஒருத்தி. அவள் வீட்டில் பேசுவது உருது.

அவள்தான் தபஸ்ஸும். நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தாள். ராயப்பேட்டையில் ஒரு சந்தில் வீடு, கணவர் அஃப்தாப் ஏசி மெக்கானிக். அடையாறில் ஒரு தனியார் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை தமிழ் நடத்திக்கொண்டிருந்தாள். சாயங்காலம் பள்ளி விட்டதும் பஸ் பிடித்து, வியர்த்த புர்காவோடு வந்து முதல் பெஞ்சில் உட்காருவாள். பேராசிரியர் இருமினால்கூடக் குறிப்பு எடுப்பாளோ என்று தோன்றும். முதல் மாதம் அவளைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல். அறிவுகெட்ட ஜென்மம், இங்கே வந்து இலக்கியத்தைத் தேடுகிறதே என்று நினைத்தேன்.

அவளுக்கு அந்தப் பட்டம் எங்களுக்குப் போல அலங்காரம் இல்லை. பள்ளியில் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூவுக்குத் தமிழ் நடத்தியவர் ஜூன் மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். தாளாளர் அவளைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: எம்.ஏ. முடித்துவிட்டால் அந்த இடம் உனக்கு. முடிக்காவிட்டால் எம்.ஏ. படித்த வேறொருவரை எடுப்போம், உன் வகுப்புகளையும் அவரே பார்த்துக்கொள்வார், நீ ஆசிரியர் வராத வகுப்புகளை மேய்த்துக்கொண்டிரு. கல்லூரியிலோ படிப்பை மூடுகிறார்கள். அதனால் தவறினால் இன்னொரு தடவை என்பதே கிடையாது.

துறைத்தலைவர் ரகுபதி முதல் நாளே அவளைப் பார்த்து, "தமிழ் எழுதப் படிக்க வருமாம்மா?" என்று கேட்டார். அவள் பி.ஏ. தமிழ், பி.எட். முடித்தவள்.

"வரும் சார். அட்மிஷன் ஃபாரம் நான்தான் எழுதினேன்" என்றாள்.

அதற்குப் பிறகு அவளிடம் அவர் தமிழ் பற்றி எதுவும் கேட்கவில்லை. பிரியாணி கேட்டார். பொங்கல் விழாவா, தபஸ்ஸும் வீட்டுப் பிரியாணி. சீனியர்களுக்கு வழியனுப்பு விழாவா, தபஸ்ஸும் வீட்டுப் பிரியாணி. ஒவ்வொரு தடவையும் விரலை நக்கிக்கொண்டே, "என்ன இருந்தாலும் வீட்டுப் பக்குவம் தனி. கடையில இது வருமா?" என்பார். தபஸ்ஸுமுக்குப் பிரியாணி செய்ய வராது. அஃப்தாப் கடையில் வாங்கி, வீட்டு அண்டாவில் கொட்டி, ஆட்டோவில் ஏற்றி அனுப்புவார். இது எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும்.

ரகுபதி கவிஞர். அவரே சொல்லிக்கொள்வார். 'எரிமலைக்கு ஒரு குடை' என்று ஒரு தொகுப்பு, சொந்தக் காசில் போட்டது. அதன் கட்டுகள் துறை அறையில் அவர் மேசைக்கு அடியில் கால் நீட்ட இடமில்லாமல் அடைத்துக்கொண்டிருக்கும். அந்தக் கட்டுகள் கரைய ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். எம்.ஏ. இரண்டாம் ஆண்டில் ஆளுக்கு ஓர் ஆய்வேடு எழுத வேண்டும். தலைப்பை அவர் கொடுப்பார். ரகுபதி கவிதைகளில் சமுதாயச் சிந்தனை, ரகுபதி கவிதைகளில் இயற்கை, ரகுபதி கவிதைகளில் உவமை என்று சுண்டல் மாதிரி கைக்குக் கை வினியோகம். வருஷா வருஷம் இதே தலைப்புகள்தான், மாணவர்கள் பெயர் மட்டும் மாறும். புத்தகத்தை ஆளுக்கொன்று வாங்கியாக வேண்டும். இப்படி விற்றே முதல் பதிப்பு தீர்ந்துபோய், எங்களுக்காக இரண்டாம் பதிப்பு அச்சிட்டிருந்தார். பின்னட்டையில் 'மக்கள் கேட்டு வாங்கிய நூல்' என்று போட்டிருந்தது. மக்கள் என்றால் நாங்கள்தான்.

எனக்கு இயற்கை வந்தது. போன வருஷத்துப் பெண் ஒருத்தியின் ஆய்வேட்டை வாங்கி, நன்றியுரையில் அவள் அப்பா பெயரை எடுத்துவிட்டு என் அப்பா பெயரைப் போட்டேன். அந்தப் புத்தகத்தை நான் பிரிக்கவே இல்லை.

தபஸ்ஸும் மட்டும் எழுந்து நின்று, "சார், இப்ப எழுதற பெண்கள் கவிதையைப் பத்திச் செய்யறேனே" என்றாள்.

"அதெல்லாம் ஆய்வுக்கு ஆகாதும்மா. காலத்தின் சோதனையில நின்ன இலக்கியமா இருக்கணும்" என்று சொல்லிவிட்டு, "சரி, ஆசைப்படறே. 'ரகுபதி கவிதைகளில் பெண்' எடுத்துக்க" என்றார். காலத்தின் சோதனையில் நின்ற இலக்கியம் மேசைக்கு அடியில் கட்டுக்கட்டாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்து லஸ் பஸ் நிறுத்தத்தில் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அன்பு, இந்தாளுகிட்ட விஷயம் கீது."

நான் சிரித்துவிட்டேன். அவள் விடவில்லை. பள்ளியிலும் கல்லூரியிலும் பதவிசாகப் பேசுகிறவளுக்கு, என்னிடம் மட்டும் ராயப்பேட்டை வந்துவிடும்.

"சிரிக்காத. நடுவுல ஒரு பதினாறு பக்கம். அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒரே தோழா, எழுக, விடியல்தான். நடுவுல மட்டும் ஆளே வேற மாதிரி கீறாரு. இதைப் படி."

பஸ் வரும் வரைக்கும் படித்தேன். சின்னக் கவிதைதான்.

கொஞ்சம் காத்திருங்கள் என்று
ஊருக்கெல்லாம் சொன்னேன்.
ஊர் காத்திருந்தது.
வீட்டுக்குப் போனேன்.
எல்லோரும் சாப்பிட்டிருந்தார்கள்.

இன்னொரு தடவை படித்தேன். எங்கள் வீட்டிலும் நான் போகும்போது எல்லோரும் சாப்பிட்டிருப்பார்கள். ஆனால் அதை அந்த மனிதர் எழுதினார் என்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

"இது அவரு பொண்டாட்டி எழுதினதா இருக்கும்" என்றேன்.

"ச்சீ, போ. மனுஷன் வெளியில ஒரு மாதிரி இருப்பான், உள்ள ஒரு மாதிரி இருப்பான். நாமதான் சரியா பாக்கலை" என்றாள். அவள் அவரை மதிக்கவே ஆரம்பித்துவிட்டாள். வகுப்பில் அவர் கொட்டாவி விட்டால்கூட இரக்கத்தோடு பார்த்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆய்வேட்டில் நான்கு இயல். ஒன்று, இரண்டு, நான்கு ஆகிய மூன்றும் கடனே என்று எழுதியவை. மூன்றாம் இயல் முழுக்க அந்தப் பதினாறு பக்கத்தைப் பற்றி. அதில் ஓர் இடம். நாற்பத்தெட்டாம் பக்கத்தின் கடைசி வரி, 'எழுக தோழா, உன் கையில் இருப்பது' என்று முடிகிறது. எதிர்ப்பக்கம், 'ஈரம் சொட்டும் புடவை' என்று தொடங்குகிறது. புதுக்கவிதை ஆயிற்றே, எது எங்கே நின்றாலும் அது உத்திதானே. 'புரட்சிக் குரலை வீட்டு வேலையில் கொண்டுவந்து நிறுத்தும் முரண் உத்தி' என்று தபஸ்ஸும் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். ரகுபதி அந்த இயலைச் சிவப்பு மையில் டிக் அடித்துக் கொடுத்தார். முரண் உத்திக்குப் பக்கத்தில் 'சிறப்பு' என்று எழுதியிருந்தார். பதினாறு பக்கக் கவிதைகளுக்கும் டிக் உண்டு.

வாய்மொழித் தேர்வு வந்தது. வேறு கல்லூரியிலிருந்து புறத்தேர்வாளராக ஒரு அம்மா வந்தார். இந்தத் தேர்வுக்கு ஒரு சம்பிரதாயம் இருக்கிறது. மாணவர்கள் சேர்ந்து காலையில் கேசரி, வடை; மத்தியானம் பிரியாணி; வந்தவருக்கும் வழிகாட்டிக்கும் ஆளுக்கொரு பொன்னாடை; பிறகு புகைப்படம். கேள்வி என்று ஒன்று இருந்தால் அது இவற்றுக்கு நடுவில். பிரியாணி யார் பொறுப்பு என்று சொல்லத் தேவையில்லை. அண்டாவுக்குக் காவலாக அட்டெண்டர் பொன்னுரங்கம் நின்றுகொண்டார்.

என்னிடம் அந்த அம்மா, "இயற்கை என்றால் என்ன?" என்று கேட்டார். மரம், செடி என்றேன். நன்று என்றார். தனபாலனிடம் கட்சியில் எந்தப் பொறுப்பு என்று கேட்டார். பிறகு தபஸ்ஸும்.

"மூணாவது இயல் ரொம்ப நல்லா வந்திருக்கு" என்றார். அந்த அறையில் ஒருவர் ஒன்றைப் படித்துவிட்டு வந்திருக்கிறார் என்பதே எனக்கு அதிர்ச்சி. காத்திருங்கள் கவிதையைச் சத்தமாக வாசித்தார். ரகுபதி பக்கம் திரும்பி, "ஐயா, இதை எந்தச் சூழ்நிலையில எழுதினீங்க? நீங்களே சொன்னா நல்லா இருக்கும்" என்றார்.

ரகுபதி கண்ணை மூடிக்கொண்டார். தனபாலன் செல்போனைத் தூக்கி வீடியோ எடுக்க ஆரம்பித்தார்; ஐயா உணர்ச்சிவசப்பட்டால் அவருக்கு அது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்.

"பெசன்ட் நகர் கடற்கரை. தனியா உட்கார்ந்திருக்கேன். ஊர் காத்திருக்கு. எதுக்கு? விடியலுக்கு. கடைசி வரியைக் கவனிக்கணும். எல்லோரும் சாப்பிட்டிருந்தார்கள். பசியே இல்லாத ஒரு சமுதாயம், அம்மா. அதுதான் என் கனவு. அந்த வரியை எழுதினப்போ எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு" என்றார். இப்போதும் கலங்கியது.

தபஸ்ஸும் முகத்தைப் பார்த்தேன். கண்ணாடி உடைந்ததைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கவிதையை எழுதியவனுக்கு அந்தக் கவிதை புரியவில்லை என்பதை அவளால் நம்ப முடியவில்லை.

புறத்தேர்வாளர் தன் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். அதே எரிமலை, அதே குடை. "நீங்க அன்போட கையெழுத்துப் போட்டு அனுப்பின பிரதி. நேத்து பூரா தேடினேன். இந்தக் கவிதை இதுல இல்லையே ஐயா" என்றார்.

தபஸ்ஸுமின் பிரதியை வாங்கி இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார்கள். நாற்பத்தெட்டு வரை ஒன்றேதான். நாற்பத்தொன்பதில் அந்த அம்மாவின் பிரதி, 'ஆயுதம் அல்ல தோழா, ஆகாயம்' என்றது. தபஸ்ஸுமின் பிரதியில் புடவை சொட்டிக்கொண்டிருந்தது. அறுபத்தைந்தாம் பக்கத்திலிருந்து மறுபடியும் இரண்டும் ஒன்று. அச்சகத்தில் வேறு யாருடைய புத்தகத்திலிருந்தோ பதினாறு பக்கம் இதற்குள் வந்து தைக்கப்பட்டிருக்கிறது.

ரகுபதிக்குக் கண் காய்ந்துவிட்டது. "அப்பவே எனக்குச் சந்தேகம். அந்த இயலை எடுத்துடும்மான்னு இந்தப் பொண்ணுகிட்ட நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன். தமிழ் தாய்மொழியா இல்லாதவங்களுக்கு இந்த நுட்பமெல்லாம் பிடிபடறதில்லை" என்றார்.

தபஸ்ஸும் எழுந்தாள். பையைத் திறந்து கையெழுத்துப் படியை எடுத்து, சிவப்பு மையில் 'சிறப்பு' என்று இருந்த பக்கத்தைப் பிரித்து மேசைமேல் வைத்தாள்.

புறத்தேர்வாளர் நீதிதேவதை என்று நினைக்க வேண்டாம். அவருடைய மாணவர்களுக்கு அடுத்த மாதம் புறத்தேர்வாளராகப் போகிறவர் ரகுபதி. கொஞ்சம் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பெரிசு பண்ண வேண்டாம். அந்த இயலை மட்டும் நீக்கிட்டு, மத்த மூணையும் சாயங்காலத்துக்குள்ள கொடுத்துடும்மா. பாஸ் போட்டுடறேன்" என்றார்.

பாஸ். அதற்காகத்தான் அவள் இரண்டு வருஷம் பஸ்ஸில் தொங்கினாள். நான் பின்னாலிருந்து, சரின்னு சொல்லு, சரின்னு சொல்லு என்று மனசுக்குள் கத்தினேன்.

"மேடம், அந்த மூணையும் எடுத்துடறேன். இதை வெச்சுக்கறேன்" என்றாள் தபஸ்ஸும்.

"அப்போ நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார் ரகுபதி. வழிகாட்டியின் கையெழுத்து இல்லாத ஆய்வேடு வெறும் காகிதம். புறத்தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு வாரம் தரேன். நீங்களே பேசிக்குங்க. கையெழுத்தோட வந்தா மார்க் அனுப்பறேன்" என்று எழுந்துவிட்டார். பிறகு எல்லோரும் பிரியாணி சாப்பிட்டார்கள். ரகுபதியும் சாப்பிட்டார், இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டார். தபஸ்ஸும் பொன்னாடையைப் புறத்தேர்வாளருக்கு மட்டும் போர்த்தினாள். இன்னொன்று அவள் பையிலேயே இருந்தது.

வெளியே வந்ததும் அவளைத் திட்டித் தீர்த்தேன். பைத்தியமா உனக்கு, பள்ளிக்கூடத்துல போய் என்ன சொல்லுவே என்று கேட்டேன்.

"தெரியாது அன்பு. பசங்களுக்கு நடத்தறப்போ எது கவிதைன்னு நான் சொல்லியாகணுமே. இன்னிக்கு இதை எடுத்துட்டேன்னா எந்த மூஞ்சிய வெச்சுக்கினு சொல்வேன்?" என்றாள். புத்தகத்தில் அச்சகத்தின் முகவரி இருந்தது. ஸ்கூட்டரைக் கிளப்பினேன்.

ஜாம்பஜார் பக்கத்துச் சந்தில் அச்சகம். முதலாளி ஷரஃபுதீன் புத்தகத்தைப் புரட்டியதுமே தலையில் கை வைத்தார். "பதினாறு பக்கத்தை ஒரே தாள்ல அடிச்சு மடிச்சா ஒரு ஃபாரம்மா. ரெண்டு புக்கு ஒரே நேரத்துல ஓடுச்சு. அதே சைஸு, அதே எழுத்து. பைண்டிங்ல கை மாறிப்போய் கொஞ்சம் காப்பி இப்படி ஆயிடுச்சு. அந்த இன்னொரு புக்கு எழுதின அம்மா அன்னிக்கே வந்து என்னை நாறடிச்சிட்டுப் போச்சு. உங்க சாரு ஒண்ணும் சொல்லலையே, சரியா கீதுன்னு நெனச்சுட்டேன்" என்றார்.

அந்தம்மா ஆரோக்கியமேரி. என் அலுவலகத்துக்கு இரண்டு தெரு தள்ளி, கே.கே. நகரில்தான் வீடு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கெல்லாம் கொஞ்சம் காத்திருங்கள் என்று சொன்னவர் அவர்தான். கதவைத் திறந்தபோதே கோபமாக இருந்தார். அது அவருடைய வழக்கமான முகம் என்று பிறகு தெரிந்தது.

தபஸ்ஸும் விஷயத்தைச் சொன்னாள். அவர் உள்ளே போய்த் தன் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் ரகுபதியின் பதினாறு பக்கம் உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் மூலைக்கு மூலை பேனாவால் கோடு போட்டு அடித்திருந்தார்.

"கட்டு பிரிச்ச அன்னிக்கே பாத்துட்டேன். ஆயுதம், ஆகாயம்னு எவனோ கத்திக்கினு கீறான். என் வூட்ல பூந்துக்கினு என் நாற்காலியிலயே குந்திக்கினா மாதிரி இருந்துது" என்றார். பிறகு, "அந்த ஆளு என்னோடதைப் படிச்சாரா?" என்று கேட்டார்.

"படிச்சாரும்மா. தன்னோடதுன்னு நெனச்சுக்கினாரு" என்றாள் தபஸ்ஸும்.

ஆரோக்கியமேரி புத்தகத்தை மூடினார். "அப்போ புடிச்சுதான் இருந்திருக்கு" என்றார்.

தபஸ்ஸும் பையிலிருந்த பொன்னாடையை எடுத்துப் போர்த்தினாள். அவர் அதை விரலால் தேய்த்துப் பார்த்து, "பாலியெஸ்டர். ஃபேன் தொடைக்கக்கூட ஆவாது" என்றார். ஆனால் நாங்கள் புறப்படும் வரை தோளிலிருந்து எடுக்கவில்லை. முழுப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தனுப்பினார்.

ஒரு வாரத்தில் தபஸ்ஸும் அந்தப் புத்தகத்தைப் பற்றி எழுதி முடித்தாள். பள்ளிக்கு லீவு போட்டாள். அஃப்தாப் சமைத்தார். திங்கட்கிழமை நானும் கூடப் போனேன்.

ரகுபதி ஆய்வேட்டைத் தொடவே இல்லை. "யாரைக் கேட்டுத் தலைப்பை மாத்தினே? கையெழுத்தெல்லாம் கிடையாது" என்றார். தபஸ்ஸும் நின்றுகொண்டே இருந்தாள். அவளுக்குக் கெஞ்சவும் தெரியாது, மிரட்டவும் தெரியாது. எனக்கு இரண்டாவது நன்றாகவே வரும்.

"சார், தனபாலன் ஒரு வீடியோ எடுத்தாரே, நீங்க பெசன்ட் நகர் கடற்கரையில உட்கார்ந்து எழுதினது. அதை யூடியூப்ல போடலாமான்னு எங்கிட்ட கேட்டாரு. நல்லா வந்திருக்காம். நான்தான் சாரைக் கேட்டுட்டுச் சொல்றேன்னு நிறுத்தி வெச்சிருக்கேன்" என்றேன்.

பொன்னுரங்கம் ஜன்னல் பக்கம் திரும்பித் தோள் குலுங்கச் சிரித்தார்.

ரகுபதி ஆய்வேட்டை இழுத்துக்கொண்டார். முதல் பக்கத்திலிருந்து திருப்ப ஆரம்பித்தார். ஒரு பக்கம் விடவில்லை. இத்தனை வருஷ உத்தியோகத்தில் ஒரு மாணவியின் ஆய்வேட்டை அவர் முழுதாகப் பார்த்தது அன்றுதான் என்று சத்தியம் செய்வேன். தன் பெயரைத் தேடிக்கொண்டிருந்தார். இயல்களில் இல்லை, அடிக்குறிப்பில் இல்லை, நன்றியுரையில்கூட இல்லை. வழிகாட்டி கையெழுத்துப் போட வேண்டிய கோட்டுக்கு அடியில் மட்டும் இருந்தது.

பேனாவைத் திறந்தார். மனசு ஆறவில்லை. "யாருமே கேள்விப்படாத ஒரு பொம்பளை. காத்திருந்தாங்களாம், சாப்பிட்டாங்களாம். இதெல்லாம் ஒரு கவிதையா?" என்றார்.

"நீங்கதானே சார் சிறப்புன்னு போட்டீங்க" என்றாள் தபஸ்ஸும்.

அவர் கையெழுத்தைப் போட்டார். தேதி போட மறந்துவிட்டார். தபஸ்ஸும் விரலை அந்த இடத்தில் வைத்து, அதையும் போடும் வரை எடுக்கவில்லை.